பெரிய அடுப்பைத் திறந்தால் சின்ன அடுப்பு ஏன் அணைகிறது?

என் அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பார்த்துக்கொண்டே ஓடும் சின்ன வண்டி ஒன்றைச் செய்திருந்தாள். நம் ஊர்ப் பிள்ளைகள் முதன்முதலில் செய்து பார்க்கும் ரோபோ பெரும்பாலும் இதுதான். மஞ்சள் பிளாஸ்டிக் கூட்டுக்குள் கியர் வைத்த மோட்டார் இரண்டு. மூளையாக ஓர் ஆர்டுயினோ ஊனோ பலகை. இரண்டுக்கும் நடுவில், மோட்டாரை இயக்கும் சிவப்பு நிற எல்298என் டிரைவர். முன்பக்கம் கோட்டைப் பார்க்க இரண்டு சென்சார். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி.

சுவிட்சைப் போட்டாள். 'பீப்' என்றது. வண்டி ஒரு விரற்கடை துள்ளி நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடி 'பீப்', மறுபடி ஒரு துள்ளல். இப்படியே போய்க்கொண்டிருந்தது.

"மூணு நாளா புரோகிராமை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறேன் மாமா. எங்க தப்புன்னே தெரியல. முதல் நாள் வீட்டுல நல்லா ஓடுச்சு, மறுநாள் ஸ்கூல்ல மிஸ் முன்னாடி ஓடல" என்றாள். கண் கலங்கியிருந்தது. தனக்குப் புரோகிராம் எழுத வராது என்ற முடிவுக்கே வந்துவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"அந்த பீப் எதுக்கு வச்சே?"

"ஆன் ஆகும்போது ஒரு தடவை சத்தம் வரட்டும்னு."

"ஒரு தடவைதான எழுதியிருக்கே? இப்ப எத்தனை தடவை கேக்குது?"

அவள் பேசவில்லை. வண்டியையே பார்த்தாள். 'பீப்', துள்ளல், 'பீப்', துள்ளல். புரோகிராமின் முதல் வரிகளில் மட்டும் இருக்கும் சத்தம் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால், பலகை ஒவ்வொரு முறையும் செத்துப் பிழைக்கிறது என்று அர்த்தம். மோட்டாரைக் கிளப்பு என்று கட்டளை இட்ட மறுகணமே கட்டளையிட்ட மூளை மயங்கி விழுகிறது. மூளை விழுந்ததும் மோட்டாரும் நிற்கிறது. சுமை இறங்கியதும் மூளை கண் விழிக்கிறது, பீப் அடிக்கிறது, பழையபடி மோட்டாரைக் கிளப்பச் சொல்கிறது. புரோகிராமில் ஒரு வரிகூடத் தப்பில்லை.

அவளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். சிலிண்டர் தீரப்போகிறது என்று அக்கா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அது அன்று எங்களுக்கு வசதியாகப் போயிற்று. சின்ன பர்னரில் பாலைச் சிம்மில் வைத்தோம். நீலச்சுடர் கடுகளவுக்கு நின்றது. பக்கத்துப் பெரிய பர்னரை முழுவதும் திறந்து பற்றவைத்தேன். பாலுக்குக் கீழே இருந்த சுடர் ஒருமுறை சுருங்கியது, படபடத்தது, அணைந்துபோனது. அக்கா ஓடி வந்து குமிழை மூடினாள்.

பேட்டரிதான் சிலிண்டர். மோட்டார் பெரிய பர்னர். ஆர்டுயினோ சிம்மில் இருக்கும் பால். பாலுக்கு வேண்டியது துளியூண்டு கேஸ்தான், ஆனால் அது இடைவிடாமல் வரவேண்டும். பெரிய பர்னர் முரட்டுப் பிள்ளை. சுடர் கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் குழம்பு கொதித்துவிடும். இரண்டும் ஒரே குழாயில் இருக்கும்போது, பெரியது இழுக்கிற இழுப்பில் சின்னதற்குக் கிடைக்கும் அழுத்தம் விழுகிறது.

சிலிண்டர் நிறைந்திருக்கும்போது இந்தச் சிக்கல் தெரிவதில்லை. உள்ளே இருப்பது திரவம். சிலிண்டர் சுவரிலிருந்து சூட்டை எடுத்துக்கொண்டுதான் அது கேஸாக மாறுகிறது. திரவம் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும்போது சுவரில் படுகிற பரப்பும் குறைவு. கேட்கிற வேகத்துக்கு ஆவியாகிக் கொடுக்க முடியாது. பேட்டரிக்குள்ளும் இதே மாதிரி ஒரு திணறல் உண்டு. வேதிவினை நடந்து மின்னோட்டமாக வெளியே வருவதற்கு ஒரு வேகம்தான் இருக்கிறது, வழியில் தடையும் இருக்கிறது. இதை உள்தடை என்பார்கள். பேட்டரி மேல் '9 வோல்ட்' என்று அச்சடித்திருப்பார்கள், உள்தடையை அச்சடிப்பதில்லை. கடையில் வாங்கும்போது நாம் கேட்பதும் வோல்ட்டை மட்டும்தான். பிள்ளைகளின் பாதிக் கண்ணீர் அந்த அச்சடிக்காத எண்ணால் வருகிறது என்று எனக்குப் படுகிறது.

அந்த எண்ணைக் கண்ணால் பார்த்துவிடலாம். அவளுடைய பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தோம். 8 வோல்ட் காட்டியது. "பேட்டரி நல்லாத்தான இருக்கு?" என்றாள். எல்லோரும் ஏமாறும் இடம் இது. மீட்டர் பேட்டரியிடமிருந்து ஒன்றும் வாங்கிக் குடிப்பதில்லை. சும்மா எட்டிப் பார்க்கிறது. பர்னரைத் திறக்காமல் சிலிண்டரைத் தட்டிப் பார்ப்பது போலத்தான். டிரைவரைக் கழற்றிவிட்டு ஒரு மோட்டாரை நேரே பேட்டரியில் மாட்டச் சொன்னேன். மீட்டரும் பேட்டரி முனையிலேயே இருந்தது. சக்கரம் ஓடத் தொடங்கியது. இப்போது சக்கரத்தை விரலால் இறுக்கிப் பிடித்து நிறுத்தச் சொன்னேன், இரண்டே விநாடிக்கு. மீட்டர் வழுக்கிக்கொண்டு வந்து 4-இல் நின்றது. அவள் விரலை எடுத்ததும் மேலே ஏறியது. மறுபடி பிடித்தாள், விழுந்தது. ஐந்தாறு முறை செய்து பார்த்தாள், நான் தடுக்கவில்லை.

கணக்கு எளிது. மோட்டார் சுருளின் தடையை அளந்தால் சுமார் 5 ஓம் வந்தது. 8 வோல்ட்டில் சரிபாதி மோட்டாருக்குப் போய், சரிபாதி காணாமல் போனது என்றால், பேட்டரிக்குள்ளேயே இன்னொரு 5 ஓம் உட்கார்ந்திருக்கிறது. வோல்ட்டை மொத்தத் தடையால் வகுத்தால் ஆம்பியர்: 8-ஐ 10-ஆல் வகுக்க 0.8. அந்த 0.8 ஆம்பியர் பேட்டரிக்குள் இருக்கும் 5 ஓமைக் கடக்கும்போதே 4 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. புத்தம்புது அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியில் இந்த உள்தடை ஒன்றிரண்டு ஓம்தான் இருக்கும். அதனால்தான் வீட்டில் புதுப் பேட்டரியில் ஓடிய வண்டி, விளையாடித் தீர்ந்த மறுநாள் பள்ளியில் படுத்துவிட்டது.

சக்கரத்தை ஏன் பிடித்து நிறுத்த வேண்டும்? ஓடும் மோட்டாரும் நிற்கும் மோட்டாரும் ஒரே அளவு குடிப்பதில்லை. ஆட்டுக்கல்லில் மாவாட்டியவர்களிடம் கேளுங்கள்: குழவியை முதல் சுற்றுக்கு நகர்த்துவதற்குத்தான் உடம்பு முழுவதும் வேண்டும். மோட்டாரிலும் அப்படியே, ஆனால் காரணம் வேறு. சுற்றுகிற மோட்டார் தானே ஒரு ஜெனரேட்டரும்கூட. சுற்றச் சுற்ற, வரும் மின்னழுத்தத்தை எதிர்த்துத் தன்னிடமிருந்தும் ஒரு மின்னழுத்தத்தைத் தள்ளுகிறது. எதிர்ப்பு ஏற ஏற உள்ளே நுழையும் மின்னோட்டம் குறைகிறது. நம்பாதவர்கள் மோட்டாரின் இரண்டு முனையிலும் ஒரு சிவப்பு எல்இடியை மாட்டி, சக்கரத்தை விரலால் வேகமாகச் சுண்டிப் பாருங்கள், மினுக்கும். மினுக்கவில்லை என்றால் மறுபக்கம் சுண்டுங்கள்.

நின்றுகொண்டிருக்கும் மோட்டாரில் இந்த எதிர்ப்பு துளியும் இல்லை. 6 வோல்ட் கொடுத்தால், தடுக்க ஆளில்லாமல் 5 ஓம் சுருளில் 1.2 ஆம்பியர் பாய்கிறது. அதே மோட்டார் வெறுமனே ஓடும்போது குடிப்பது 0.2 ஆம்பியரை ஒட்டித்தான். கிளம்பும் கணத்தில் ஆறு மடங்கு தாகம். தாகம் தணிய ஒரு பத்து மில்லி விநாடியும் ஆகலாம், வண்டி கனமாக இருந்தால் நூறும் ஆகலாம். மனிதக் கண்ணுக்கு அது ஒரு இமைப்பு. விநாடிக்கு இரண்டு மூன்று முறை மட்டும் எண்ணை மாற்றிக் காட்டும் சாதாரண மல்டிமீட்டருக்கு அந்தப் பள்ளம் முழுதாகத் தெரியாது. சக்கரத்தை விரலால் பிடித்தது, அந்த இமைப்பை மீட்டர் பார்க்கும் அளவுக்கு நீட்டுவதற்காக.

இனி அந்தப் பள்ளம் மூளையை எப்படிச் சாய்க்கிறது என்று பார்ப்போம். இரண்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகின்றன. நடுவில் டிரைவர் தன் பங்குக்கு 2 வோல்ட்டைக் கழித்துக்கொள்கிறது. கணக்குப் போட்டால் பேட்டரி முனையில் எஞ்சுவது இங்கேயும் 4 வோல்ட்தான். அது பலகைக்குள் நுழையும்போது வாசலில் ஒரு டையோடு, 0.7 வோல்ட் சுங்கம். அடுத்து ரெகுலேட்டர். சிலிண்டர் தலையில் மாட்டுகிற அதே பெயர், செய்வதும் அதே வேலை: உள்ளே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும் வெளியே சீராக ஒரே அளவு கொடுப்பது, இங்கே 5 வோல்ட். ஆனால் எந்த ரெகுலேட்டரும் இல்லாததை உண்டாக்கித் தராது. ஊனோவில் இருக்கும் வகைக்குத் தன்னிடம் வருவதில் ஒரு வோல்ட்டாவது கூடுதலாக இருக்க வேண்டும். 4-இல் 0.7 போய், அதில் ஒன்று போய், சிப்புக்குக் கிடைப்பது இரண்டரை வோல்ட்டுக்கும் கீழே.

ஊனோவின் ஏடிமெகா328பி சிப், 2.7 வோல்ட்டுக்குக் கீழே மின்னழுத்தம் இறங்கினால் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு முதலிலிருந்து தொடங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அது ஒரு நல்ல காவல். முன்பெல்லாம் சாயங்காலம் ஆனால் ஊரில் 'லோ வோல்டேஜ்' வரும். டியூப்லைட் பற்றவும் முடியாமல் அணையவும் முடியாமல் ஓரத்தில் சிவந்து துடித்துக்கொண்டிருக்கும். சிப்பும் அந்த நிலையில் கிடந்தால் கணக்கைத் தப்பாகப் போடும், நினைவில் இருப்பதை மாற்றி வாசிக்கும். அதற்கு ஒரேயடியாக நின்று எழுந்துகொள்வது மேல். உண்மையில் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட அந்தச் சிப்புக்கு 3.8 வோல்ட்டாவது வேண்டும் என்று தயாரிப்பாளரின் கையேட்டை வைத்துக் கணக்கிடலாம். ஆக 3.8-க்கும் 2.7-க்கும் நடுவே காவல் இல்லாத ஒரு மூவந்தி நேரம் இருக்கிறது. வண்டி நிற்காமலே கோணல்மாணலாக ஓடுகிறது, சென்சார் எண்கள் காரணமில்லாமல் தாவுகின்றன என்றால் அங்கேயும் ஒரு கண் வைக்க வேண்டும்.

மற்ற பலகைகளுக்கும் இதே கதைதான், சொல்லும் விதம் வேறு. ராஸ்பெரி பை 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையில் மின்னல் குறி காட்டும். இஎஸ்பி32-க்கு மோட்டாரே வேண்டாம். வைஃபையில் வாய் திறந்து பேசும் கணத்தில் தானே பெரிய பர்னராகிவிடும். 500 மில்லி ஆம்பியராவது தரக்கூடிய சப்ளை வேண்டும் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார்.

பரிகாரம் பேட்டரியிலிருந்து தொடங்க வேண்டும். செவ்வகமான அந்த 9 வோல்ட் பேட்டரியைப் பிரித்தால் உள்ளே ஆறு குட்டி செல்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். மல்டிமீட்டரிலும் புகை எச்சரிக்கைக் கருவியிலும் மாதக்கணக்கில் துளித்துளியாகக் கொடுப்பதற்காகச் செய்த பொருள் அது. சக்கரம் சுற்றும் வேலைக்கு அதைக் கொடுப்பது, தாளிக்கிற கரண்டியில் கல்யாணச் சமையல் செய்யச் சொல்வது. மாணவர்களுக்கான ரோபோ கிட்டில் அதை வைத்து விற்கவே கூடாது என்பது என் கருத்து. மலிவு, ஜாக்கில் மாட்டும் கிளிப் கிடைக்கிறது என்ற இரண்டு காரணத்துக்காக அதைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள்.

அதற்குப் பதில் பென்சில் பேட்டரி அளவில் வரும், சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் ஆறு. பெயரளவில் 7.2 வோல்ட், சார்ஜ் ஏற்றி எடுத்த சூட்டில் மீட்டரை வைத்தால் இதுவும் 8 வோல்ட் காட்டும். அதே மோட்டாரை மாட்டி, அதே சக்கரத்தைப் பிடித்தோம். 7.5 வோல்ட்டில் நின்றது. ஆறு செல்லும் பெட்டியின் ஸ்பிரிங்கும் சேர்ந்து மொத்த உள்தடை 0.3 ஓம்தான். சக்கரத்தைப் பிடிக்கும்போது ஒன்று 4-க்கு இறங்குகிறது, இன்னொன்று 7.5-இல் நிற்கிறது. மேஜை மேல் சும்மா கிடக்கும்போது இரண்டும் 8. அவள் அந்த மூன்று எண்ணையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

டிரைவர் தின்னும் 2 வோல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எல்298 பழைய தலைமுறை டிரான்சிஸ்டர்களால் ஆனது. 1 ஆம்பியர் ஓடினால் சுமார் 2 வோல்ட்டோ அதற்கு மேலோ அதற்குள்ளேயே சூடாகப் போய்விடும். டிபி6612 போன்ற மாஸ்ஃபெட் டிரைவரில் அதே 1 ஆம்பியருக்கு அரை வோல்ட்தான் போகும். செல்களைக் குறைத்துக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் மாற்ற வேண்டியது டிரைவரை. அவளிடம் இருந்ததை நான் மாற்றச் சொல்லவில்லை. 8 வோல்ட்டில் 2 போனால் மோட்டாருக்குக் கிடைப்பது 6, அந்த மஞ்சள் மோட்டாருக்கு உகந்த உச்ச அளவும் அதுவே.

நல்ல சிலிண்டர் வந்த பிறகும் பாலைக் காக்க இன்னொரு வேலை செய்யலாம். மேல்தொட்டியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில், குளியலறையில் ஒருவர் ஷவரைத் திறந்தால் சமையலறைக் குழாய் நூலாகிவிடும். அதற்குத்தான் குடிக்கவும் சமைக்கவும் ஒரு குடத்தில் பிடித்து வைப்பது. மின்சாரத்துக்குக் குடம் கெப்பாசிட்டர். ஆனால் இந்தக் குடத்தை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பேட்டரி முனையிலேயே ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை மாட்டிவிட்டு, இனிமேல் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருப்பார்கள். சரியாகாது. அந்தக் குடத்திலிருந்து 1 ஆம்பியர் எடுத்தால், ஒவ்வொரு மில்லி விநாடிக்கும் 1 வோல்ட் மட்டம் இறங்கும். மோட்டார் இரண்டுமாகச் சேர்ந்து ஒன்றரை இரண்டு ஆம்பியர் கேட்கும்போது நான்கைந்து மில்லி விநாடியில் குடம் அடிமட்டத்துக்கு வந்துவிடும். மோட்டார் வேகம் எடுக்கப் பத்திலிருந்து நூறு வரை வேண்டும். ஷவரில் குளிப்பவர் குடத்துத் தண்ணீரையும் ஊற்றிக்கொண்டு போய்விட்ட கதை.

குடத்துக்கு முன்னால் ஒருவழி வால்வு வேண்டும். உள்ளே தண்ணீர் வரலாம், குழாய் காய்ந்தாலும் திரும்பிப் போகக்கூடாது. அந்த வால்வுதான் டையோடு. ஊனோவில் இது ஏற்கெனவே இருக்கிறது: ஜாக் வழியாக மின்சாரம் நுழையும் வாசலில் 0.7 வோல்ட் சுங்கம் வாங்கிய அதே டையோடு. அதற்கு உள்பக்கம் ஒரு குட்டிக் குடமும் உண்டு, 47 மைக்ரோஃபாரட். பலகை குடிப்பது சுமார் 50 மில்லி ஆம்பியர். 47 மைக்ரோஃபாரட் அதற்கு நான்கு மில்லி விநாடி தாங்கும். அந்தக் குடத்தைப் பெரிதாக்கினால் போதும். விஐஎன் என்று எழுதிய முனைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு 1000 மைக்ரோஃபாரட். இப்போது மட்டம் 1 வோல்ட் இறங்கவே 20 மில்லி விநாடி ஆகிறது. நான்கு மில்லி விநாடி தாங்கியது எண்பது தாங்கும். மோட்டார் மூச்சு வாங்கி முடிக்கும்வரை மூளை தன் குடத்திலிருந்தே குடித்துக்கொள்கிறது. இது வேலை செய்ய வேண்டுமானால் மோட்டாருக்கான கம்பி ஜாக்குக்கு முன்னாலேயே, பேட்டரியிலிருந்தே பிரிந்துவிட வேண்டும். விஐஎன் முனையிலிருந்து டிரைவருக்குக் கம்பி இழுத்தால் குடம் மறுபடி ஷவருக்குப் போய்விடும்.

வாங்கும்போது 16 அல்லது 25 வோல்ட் என்று போட்டதாக வாங்குங்கள். பக்கவாட்டில் வெள்ளைப்பட்டை இருக்கும் கால் கிரவுண்டுக்கு. மாற்றி மாட்டினால் சூடாகி, தலை வெடிக்கும். சின்னப் பிள்ளைகள் செய்யும்போது இந்த ஒரு இணைப்பைப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட வேண்டும்.

வருகிற தண்ணீரைப் பற்றியே பேசுகிறோம், போகிற தண்ணீரை மறந்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் வாஷிங் மெஷினும் சமையலறை சிங்க்கும் ஒரே கழிவுக் குழாயில் போய்ச் சேர்கின்றன. மெஷின் துணி அலசிய தண்ணீரைக் குபுகுபுவென்று தள்ளும்போது, சிங்க்கின் துளையில் நுரை மேலெழும்பும். சிங்க்கில் ஒருவரும் தண்ணீர் விடவில்லை, ஆனாலும் மட்டம் ஏறுகிறது. கிரவுண்டுக் கம்பியில் இதேதான் நடக்கிறது. மோட்டாரில் நுழைந்த மின்னோட்டம் முழுவதும் கிரவுண்டு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். சென்சாரும் மோட்டாரும் பிரெட்போர்டில் ஒரே வரிசையில் சேர்ந்து, ஒரே மெல்லிய ஜம்பர் கம்பியில் ஆர்டுயினோவின் கிரவுண்டு வழியாகத் திரும்பினால், அந்தக் கம்பியும் அதன் இரண்டு முனைச் செருகலும் சேர்ந்து 0.1 ஓம் இருந்தாலே போதும். ஒன்றரை ஆம்பியருக்கு 0.15 வோல்ட். சென்சார் நிற்கும் தரை, ஆர்டுயினோவின் தரையைவிட அத்தனை உயரம் எழும்பிவிடும். ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கிறது, ஒரு படி சுமார் 5 மில்லிவோல்ட். 0.15 வோல்ட் என்றால் முப்பது படி. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அவள் வைத்த எல்லைக்கோட்டைத் தாண்ட முப்பது படி தாராளம். மோட்டார் வேகமாக ஓடும்போது மட்டும் கோடு தெரியவில்லை என்று சென்சாரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கம்பியை.

கழிவுக் குழாயைத் தனித்தனியாக விட்டு, தெருச் சாக்கடையில் மட்டும் ஒன்று சேர்ப்பது போல, மோட்டாரின் கிரவுண்டைத் தடித்த கம்பியில் நேரே பேட்டரி முனைக்குக் கொண்டுபோக வேண்டும். மூளையின் கிரவுண்டு தனிக் கம்பியில் அதே முனைக்கு. சந்திப்பது அந்த ஒரே புள்ளியில். அவள் பிரெட்போர்டிலிருந்து மோட்டார்க் கம்பிகளைப் பிடுங்கி, பேட்டரிப் பெட்டியின் வால் கம்பியிலேயே முறுக்கி சால்டர் வைத்தாள். சால்டர் கொஞ்சம் உருண்டையாக நின்றது. முதல் சால்டர் எல்லோருக்கும் உருண்டையாகத்தான் நிற்கும்.

மோட்டாருக்குத் தனிப் பேட்டரி, மூளைக்குத் தனிப் பேட்டரி என்று வைத்தால் என்ன? தாராளமாக வைக்கலாம், சுத்தமான வழி. ஆனால் இரண்டு பேட்டரியின் கிரவுண்டையும் ஒரு கம்பியால் இணைத்தே ஆக வேண்டும். ஆர்டுயினோ '5 வோல்ட்' என்று சைகை காட்டினால், எந்தத் தரையிலிருந்து ஐந்து என்று டிரைவருக்குத் தெரிய வேண்டுமே. இந்த ஒரு கம்பியை விட்டுவிட்டு, டிரைவர் எரிந்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது இரைச்சல். அம்மா மிக்ஸியில் சட்னி அரைத்தால் ரேடியோ கரகரக்கும், பழைய டிவியில் புள்ளி புள்ளியாகக் கோடு ஓடும். நினைவிருக்கிறதா? மிக்ஸிக்குள் இருப்பது கார்பன் வைத்த மோட்டார். சுற்றுகிற செம்புத் தகடுகளைக் கார்பன் தொட்டுத் தொட்டு விடும்போதெல்லாம் ஒரு பொறி. மிக்ஸியின் அடியிலுள்ள காற்றோட்டத் துளை வழியே இருட்டில் நீலமாகத் தெரியும். மஞ்சள் மோட்டாருக்குள்ளும் குட்டியாக அதே அமைப்பு, அதே பொறி. அந்தப் பொறி கம்பி வழியாகவும் காற்று வழியாகவும் பரவி மூளையைக் குழப்பும். கடுகு வெடித்துச் சுவரெல்லாம் தெறித்த பிறகு துடைத்து மாளாது. வாணலி மேலேயே மூடியை வைக்க வேண்டும். மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே, மோட்டாரை ஒட்டியபடி, ஒரு 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். மேலே 104 என்று போட்டிருக்கும். சென்னை ரிச்சி தெருவின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் '104 டிஸ்க்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கம்பியின் மறுமுனையில், பலகைப் பக்கம் மாட்டினால் பாதிப் பலன்கூட இராது, ஏனென்றால் நடுவிலுள்ள கம்பி முழுவதும் அதற்குள் ஆன்டெனாவாகிவிட்டது.

மோட்டாரைச் சட்டென்று நிறுத்தும்போது சுருளில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டம் போக வழியில்லாமல் மின்னழுத்தத்தை எகிறவைக்கும். குக்கரின் சேஃப்டி வால்வு போல அதற்கு ஒரு வெளிவழி, டையோடு, வேண்டும். எல்298என் பலகையில் எட்டு டையோடுகளை வைத்தே விற்கிறார்கள். வெறும் டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து மோட்டாரை ஓட்டுபவர்கள்தான் நினைவாகத் தாங்களே வைக்க வேண்டும். மோட்டாரை ஆர்டுயினோவின் காலிலேயே நேராக மாட்டுவது பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. ஒரு கால் நிம்மதியாகத் தரக்கூடியது 20 மில்லி ஆம்பியர்.

மின்கம்பியெல்லாம் சரியான பிறகு புரோகிராமிலும் ஒரு கைப்பக்குவம் உண்டு. ஜார் நிறையத் தேங்காயைப் போட்டுவிட்டு மிக்ஸியை எடுத்ததும் 3-இல் வைக்க மாட்டோம். 1-இல் வைத்து, சுற்று பிடித்த பிறகு திருப்புவோம். மோட்டாருக்கும் வேகத்தை 0-விலிருந்து 255 வரை கால் விநாடியில் படிப்படியாக ஏற்றலாம். ஏறுவதற்குள் மோட்டார் சுற்றத் தொடங்கி, தன் எதிர் மின்னழுத்தத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்த ஆறு மடங்கு தாகம் ஒரேயடியாக வராது. வேகத்தைக் குறைக்க ஆர்டுயினோ மின்சாரத்தை விட்டு விட்டுத்தான் கொடுக்கிறது; அந்தத் துடிப்புகள் ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லி விநாடி நீளம்தான். முன்பு பேட்டரி முனையில் வீணாகிய அந்த 1000 மைக்ரோஃபாரட்டை டிரைவரின் மின்வாசலில் வைத்தால், இங்கேதான் உண்மையில் உதவும். நீண்ட தாகத்தைத் தாங்காத குடம், சின்னச் சின்ன மடக்குகளைத் தாங்கும்.

முன்னால் ஓடும் வண்டியைச் சட்டென்று பின்னால் ஓடச் சொல்வதும் ஆபத்து. அதுவரை எதிர்த்துக்கொண்டிருந்த மோட்டாரின் மின்னழுத்தம் இப்போது பேட்டரியோடு கூட்டுச் சேர்ந்துவிடும். கிளம்பும்போது இழுப்பதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம். நடுவில் ஒரு நொடி நிறுத்திவிட்டுத் திருப்பச் சொல்லுங்கள்.

இதைச் சொன்னதும் அவள் மடிக்கணினியைத் திறந்து வேகம் ஏற்றும் வரிகளை எழுதப் போனாள். பொறு என்றேன். முதலில் கம்பி வேலை மட்டும் போதுமா என்று பார்த்துவிடலாம், இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும். "அப்ப எந்த புரோகிராமைப் போடுறது?" என்றாள். மூன்று நாளில் பதினோரு கோப்பு சேர்ந்திருந்தது. ஒன்றில் மோட்டார் வேகம் பாதி, ஒன்றில் சென்சாரைப் படிக்கும் முறையே வேறு, கடைசியாக இருந்ததில் நடுநடுவே அவளுக்கே விளங்காத இடைவெளிகள்.

"முதல் நாள் எழுதினது இருக்கா?"

இருந்தது. அதைப் பலகைக்கு ஏற்றினாள். ஆறு செல் பெட்டியை வண்டியின் முதுகில் ரப்பர் பேண்டால் கட்டி, கறுப்பு டேப்பின் மேல் வைத்து சுவிட்சைப் போட்டாள். 'பீப்' என்றது. வண்டி கிளம்பி, டேப்போடு சேர்ந்து ஹாலின் மூலையில் திரும்பி, சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய், மறுபக்கம் வந்தது. அவள் மூச்சுவிடாமல் இரண்டாவது பீப்புக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.